விளக்கை அமர்த்திய கதை

வாருங்கள், என் கண்ணுகளா. வாசற்படியில் நின்றபடி கேட்டால் கால்தான் வலிக்கும். கிட்டே வந்து உட்காருங்கள். குழந்தையை மடியில் வைத்திருப்பவள் சுவரோரமாகச் சாய்ந்துகொள். இன்றைக்கு ஒரு வண்டுக்குப் பேர் வைத்த கதை சொல்லப்போகிறேன். வண்டு அரிசி மணியளவுதான். பேர் வைத்த கட்டடம் ஒரு தெரு நீளம். சிரிப்பு வந்தால் அப்போதைக்கப்போது சிரித்துவிடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள். பின்னால் அதைச் செலவழிக்க இடம் கிடைக்காது.

ஒரு ஊரின் விளிம்பில், ஈரம் காயாத புல்வெளியை ஒட்டித் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள் இருந்தன. கடைசி வீட்டில் ஒரு கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற தொழில். அவர் மனைவி கிழிசல் இழைப்பவள். துணியின் மடிப்புக்குள்ளிருந்தே ஒரு நூலை உருவி, அதைக் கிழிந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவாள். முடித்த பிறகு எங்கே கிழிந்திருந்தது என்று அவளுக்கே தெரியாது. பஸ் கண்டக்டரான அவள் தம்பி, "அக்கா தைச்ச இடத்தைக் காட்டுறவங்களுக்கு வாழ்நாள் பூரா இலவச டிக்கெட்" என்பான். யாரும் அதை வாங்கியதில்லை.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர் வீட்டு ஜன்னலில் மட்டும் சாக்குத்துணி தொங்கியது. அவள் அதை விலக்கி வெளியே பார்த்து, "கண்ணாடிக்காரரே, நம்ம வீட்டுப் பக்கம் எப்ப வருவீங்க? ஆள் அனுப்பணுமா?" என்று கேட்பாள். அவர் அடுத்த வாரம் என்பார். அந்த அடுத்த வாரம் கல்யாணமான நாளிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

புல்வெளிக்கு அந்தப் பக்கம் உயிரினப் பெயரீட்டுக் கழகம். வரிசை வீட்டுக்காரர்கள் அதைப் பேர்க்கடை என்பார்கள். உலகத்தில் ஊர்வது, பறப்பது எதுவானாலும் கழகம் பெயர் வைத்து அச்சில் போட்டால்தான் அது இருப்பதாக அர்த்தம். அதுவரை அது பிறக்கவில்லை, சாகவில்லை, யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கழகத்தின் மொட்டைமாடியில் அதன் பெயர்ப்பலகையும், பலகைக்கு வெளிச்சம் காட்ட ஒரு பெரிய விளக்கும் இருந்தன. பலகை புல்வெளியைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் நடப்பவர் யாருமில்லை. இருந்தாலும் பெயர் தெரியவேண்டும் என்பது கழகத்தின் கொள்கை.

அந்தி மங்கி விளக்கு எரியத் தொடங்கினால், ஈரப் புல்லிலிருந்து வண்டுகள் கிளம்பி வெளிச்சத்துக்கு வரும். வந்த களைப்பில் வரிசை வீடுகளுக்குள் இறங்கும். எறும்பைப் பிடித்து இழுத்து நீட்டியது போன்ற உடம்பு. கறுப்பும் செம்மஞ்சளுமாக வளையங்கள். சிறகுமூடி முதுகில் பாதி வரைக்கும்தான், வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டையை மாட்டியது போல. பயந்தால் வாலைத் தேள் மாதிரி தூக்கும். ஆனால் கொட்டாது, கடிக்காது. நசுங்கினால் மட்டும் அதன் உள்நீர் தோலில் பட்டு, மறுநாள் காலையில் சூட்டுக்கோலால் இழுத்தது போல் ஒரு கோடு எழும்பும். அதனால் வரிசை வீட்டில் அதற்குக் கோடுபோட்டான் என்று பேர். கழுத்திலும் கையிலும் கோடு இல்லாத ஆள் அங்கே கிடையாது. பள்ளிக்கூடத்தில், 'கோடு போட்ட நோட்டு வந்திருச்சு' என்று அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் ஊசியில் நூல் கோக்கும்போது அவள் இடது இமையில் ஏதோ ஊர்ந்தது. அவள் யோசிக்காமல் புறங்கையால் துடைத்தாள். நாம் எல்லோரும் செய்வதுதான். காலையில் இமை வீங்கி மூடியிருந்தது. சில நாளில் திறந்தபோது கருவிழி மேல் ஆறின பாலில் ஆடை படர்ந்தது போல் ஒரு திரை.

மருத்துவர் எந்தப் பூச்சி என்று கேட்டார். சொன்னார்கள். கணினியில் தேடிவிட்டு, அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்றார். இல்லாத பூச்சியைக் காரணமாக எழுதத் தனக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னார். மனிதர் நல்லவர்தான், சொட்டுமருந்து கொடுத்து, கண்ணாடிக்காரரைத் தனியே கூப்பிட்டு, "இடது கண் போனது போனதுதான். வலது கண்ணைக் காப்பாத்திக்குங்க. அந்த விளக்கு அங்கே எரியிற வரைக்கும் நான் எந்த உத்தரவாதமும் தர முடியாது" என்றார்.

அடுத்த வாரம் அன்றைக்கே வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார். ஆனால் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே வீட்டைச் சுற்றி ஓடும் இடைவெளிக்கு எந்தக் கண்ணாடியும் பொருந்தாது. துணி அடைத்தார். துணி வழியாகவும் வந்தன. கழகத்தில் யாராவது ஒருவர் ஒரு விரலால் ஒரு சுவிட்சைத் தட்டினால் தீர்ந்தது. இவ்வளவுதான் விஷயம், கண்ணுகளா. கதை முழுக்க இந்த ஒரு விரலுக்காகத்தான்.

மனு எழுத உட்கார்ந்தார். 'விளக்கை அணை' என்று தொடங்கும்போதே அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வார்த்தை எதுக்குங்க வீட்டுல? அமர்த்தணும்னு எழுதுங்க" என்றாள். அவள் பிறந்த வீட்டில் விளக்கை யாரும் அணைத்ததில்லை, அமர்த்தித்தான் பழக்கம். நம் வாயும் அப்படித்தானே. செத்தவரையே தவறிவிட்டார் என்கிற வாய். அவரும் எழுதினார்: 'புல்வெளியைப் பார்த்த விளக்கை உடனே அமர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

கழகத்தின் காவலாளி, அவர் கையில் இருந்த கண்ணாடி அறுக்கும் வைரமுனையைப் பார்த்து, மாடிப்படி ஜன்னலுக்கு வந்த ஆள் என்று உள்ளே விட்டான். உடைந்த கண்ணாடியை மாற்றிய பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் கழகத்து மாடியில் ஏணி சாத்தினார்கள். ஆட்கள் ஏறினார்கள். அவள் ஒற்றைக் கண்ணோடு ஜன்னலில் நின்று, "பாத்தீங்களா, மரியாதையாக் கேட்டா எல்லாம் நடக்கும்" என்றாள். அந்தியில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் இன்னொன்றும் எரிந்தது.

விளக்கை அமர்த்தச் சொன்னார், அமர்த்திவிட்டார்கள். சிறிய விழா ஒன்றும் நடந்தது. கழக இயக்குநர் நாடாவைக் கத்தரித்துப் பேசினார்: "வெளிச்சம் வேண்டும் என்று ஒரு எளிய தொழிலாளி நம் கதவைத் தட்டினார். அவர் என்ன கேட்டார் என்று நாம் திரும்பக் கேட்டோமா? இல்லை. திரும்பக் கேட்பது இந்தக் கழகத்தின் வழக்கமே அல்ல." கைதட்டல் புல்வெளி தாண்டிக் கேட்டது.

மறுநாள் கண்ணாடிக்காரர் போய் விளக்கினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரு ஆளை வேலைக்கு அமர்த்துறோம்னா வீட்டுக்கு அனுப்புறோம்னா அர்த்தம்?" என்றார். கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி, "அணைக்கணுங்க" என்றார். எதற்கு என்றார் இயக்குநர். பூச்சி வருது என்றார். எந்தப் பூச்சி?

"கோடுபோட்டாங்க."

"அது நீங்க கூப்பிடுற பேரு. நான் கேக்குறது பேரு."

வேறு பேர் ஒன்றும் இல்லை என்றார் கண்ணாடிக்காரர். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "பேர் இல்லாத ஒண்ணு வருதுன்னு நான் எழுதினா, எது வருதுன்னு மேலே கேப்பாங்க. எதுவும் வரலைன்னுதான் நான் சொல்லியாகணும். எதுவுமே வராத விளக்கை எதுக்குங்க அணைக்கணும்?" சொன்னது அவருக்கே பிடித்திருந்தது, இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முதலில் வண்டுக்குப் பேர் ஆகட்டும், பிறகு விளக்கைப் பற்றிப் பேசலாம் என்று நிபுணரிடம் அனுப்பினார்.

வண்டு நிபுணரின் அறையில் அந்துருண்டை வாசம். சுவர் முழுக்க இழுப்பறைகள், இழுப்பறை முழுக்க ஊசியில் குத்திய வண்டுகள். நிபுணர் கழுத்தில் ஒரு உருப்பெருக்கி தொங்கியது. அதனால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று அவள் பேர் வைத்தாள். கழகத்தில் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. பூதக்கண்ணாடிக்கு முகம் ஞாபகம் இருக்காது. கண்ணாடிக்காரர் ஒவ்வொரு முறை போகும்போதும் ஏற இறங்கப் பார்த்து, "தலை அகலத்தைவிட நீளம் அதிகம், மேல்புறம் முடி குறைவு, ஓ, நீங்களா" என்பார்.

தீப்பெட்டியில் கொண்டுபோன வண்டுகளைக் கருவியில் வைத்துப் பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உலகத்துக்கே புதிய இனம் என்றார். எங்கள் தெருவுக்குப் பழசுங்க, என் வீட்டுக்காரி கண்ணைக் கெடுத்ததே இதுதான் என்றார் இவர். அதெல்லாம் இது அறிவியலுக்கு வருவதற்கு முந்தைய காலம் என்று பூதக்கண்ணாடி அதை ஒதுக்கி வைத்தார். கோபமில்லாமல், மென்மையாகத்தான் ஒதுக்கினார்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அவர் முகம் வாடியது. தீப்பெட்டியில் இருந்தது எல்லாம் பெண். இந்த வகை வண்டில் பெண்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆணின் கடைசி வளையத்துக்குள் இருக்கிற உறுப்பின் வளைவை வைத்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். ஆகவே ஒரு ஆண் வேண்டும். ஆண் கிடைக்காமல் பேர் கிடையாது.

"விஷம் எதுலங்க இருக்கு?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பெண்ல. ஆண்கிட்ட அனேகமா ஒண்ணும் கிடையாது."

"அப்ப பெண்ணைப் பத்தித்தானே எழுதணும்?"

"ஆணைப் பத்தி எழுதினா பெண் அதுல அடங்கிடும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். "அடங்கிடுமாமா? அவரு வீட்டம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றாள். கண் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தம்பி, "மாமா, நீங்க வேணா ஒரு ஆண் வண்டுக்கு வலை விரிங்க, நானே பொண்ணு பாக்குறேன்" என்று சேர்ந்துகொண்டான்.

ஆண் கிடைக்கும்வரை விளக்குகள் எரியவேண்டும் என்று உத்தரவானது. கூடுதல் வெளிச்சம் இருந்தால் கூடுதல் வண்டு வரும் என்று பல்பையும் மாற்றினார்கள். விளக்கின் அடியில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க ஆள் தேவை. கழக ஊழியர் யாரும் வரவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை போயிருந்தது: மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் கையுறையும் கண்கவசமும் அணியவேண்டும், காரணம் கேட்கக்கூடாது. இல்லாத பூச்சிக்காகக் காவலாளி நீச்சல்காரன் மாதிரி கண்கவசம் மாட்டிக்கொண்டு மாடி வாயிலில் நின்றான்.

ஆக, விளக்கை அணைக்கச் சொன்ன மனிதரே ஒவ்வொரு அந்தியிலும் அதன் அடியில் போய் நின்றார். துணி, அவள் இழைத்து வைத்திருந்த நல்ல படுக்கை விரிப்பு. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை மைத்துனன் பிடித்தான். வண்டுகள் மழைத்தூறல் மாதிரி விழும். பூதக்கண்ணாடி கையுறையும் கவசமுமாகக் குனிந்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டி, பெண், பெண், பெண் என்று சலிப்போடு சொல்வார். பேரனுக்காகக் காத்திருக்கிற மாமியார்கூட அவ்வளவு சலித்ததில்லை. மாமனும் மைத்துனனும் கழுத்து, முழங்கை, காது மடல் எல்லாம் கோடு வாங்கி வீடு திரும்புவார்கள்.

ஒரு நாள் மைத்துனனுக்கு மாலை ஷிப்ட் விழுந்தது. துணியின் மறுமுனைக்கு ஆளில்லை. அவள் வருகிறேன் என்றாள். அவர் வேண்டவே வேண்டாம் என்றார். "இன்னிக்கு ஒரு ஆண் கிடைச்சிட்டா அதோட விளக்கு போயிடுமேங்க. ஒரு நாள் பிடிச்சா என்ன ஆயிடப்போகுது. கண்ணை மூடிக்கிட்டே பிடிக்கிறேன்" என்றாள். முந்தானையால் தலையைச் சுற்றி, முகத்தையும் பாதி மறைத்துக்கொண்டு போய் நின்றாள். கண்ணைச் சொன்னபடியே மூடிக்கொண்டாள்.

துணியில் விழுந்தது எல்லாம் பெண். பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவர் யாருடைய முகத்தையும் அப்படிப் பார்த்ததே இல்லை. மூடியிருந்த அவள் வலது இமையின் மேல் இரண்டு வண்டுகள், ஒன்றோடொன்று கூடியிருந்தன.

"அசையாதீங்கம்மா. மூச்சுகூட விடாதீங்க" என்றார்.

கண்ணாடிக்காரர் துணியை விட்டுவிட்டு ஓடிவந்தார். காவலாளி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் அசையவில்லை. இமைக்குள்ளே கருவிழி மட்டும் பயந்த மீன் மாதிரி அங்குமிங்கும் ஓடியது. பூதக்கண்ணாடி மேலே இருந்த ஆணை இடுக்கியால் ஒரு ரோமமும் உதிராமல் தூக்கிக் குப்பியில் போட்டார். அப்படி ஒரு நிதானம். எடுத்துவிட்டு, அடியில் மிச்சமிருந்த பெண்ணைக் கட்டைவிரலால் ஒதுக்கித் தள்ளினார்.

ஒதுக்கித்தான் தள்ளினார், கண்ணுகளா. நசுக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது நசுங்கியதையும் அவர் பார்க்கவில்லை. குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது கண்ணில் படர்ந்த ஆடை வலது கண்ணிலும் படர்ந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். யார் முகம் என்று தெரியாது. ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினாள். கிழிந்த துணிகள் வந்தவண்ணம் இருந்தன. கண்ணாடிக்காரர் வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவள் காதில் விழாமல் கையைக் காட்டியே அனுப்புவார். அவள் உள்ளேயிருந்து, "யாருங்க, பருத்தியா, கம்பளியா?" என்று கேட்பாள்.

கழகத்தில் விவரிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு இனத்தை விவரிப்பது என்றால் சாதாரணமில்லை. தலையில் எத்தனை குழி, மீசையின் ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைவிட எவ்வளவு நீளம், கழுத்துச் சட்டத்தின் ஓரத்தில் நிற்கிற மயிர் முன்னால் சாய்ந்ததா பின்னால் சாய்ந்ததா என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டும். அதில் ஒரு வரி: 'கிடைத்த இடம்: கழக விளக்கின் அடியில், வெண்ணிறப் பரப்பின் மேல்.' கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டு, அது துணி இல்லை, என் மனைவியின் கண் என்று சொல்லப் போனார். கண் என்று எழுதினால் வண்டு மனிதக் கண்ணில் வாழ்வதாக உலகம் தப்பாக நினைத்துவிடும் என்றார் பூதக்கண்ணாடி. தப்பான தகவல் ஒன்று அச்சில் ஏறுவதை அவரால் தாங்கிக்கொள்ளவே முடியாது.

பிடித்த ஆணைச் சோதித்ததில் விஷம் இல்லை. 'தீங்கற்றது' என்று எழுதினார்கள். மருத்துவர் இப்போது கணினியில் தேடினார், வண்டு இருந்தது. தீங்கற்றது என்றும் இருந்தது. கண்ணாடிக்காரரை நிமிர்ந்து பார்க்காமல், 'தன் கையால் தேய்த்துக்கொண்டதால்' என்று எழுதிக் கொடுத்தார்.

பெயர் சூட்டுவிழாவுக்கு முன்னால் கழகத்தில் பெரிய சண்டை. யார் பெயரை வைப்பது? கடைசியில் இயக்குநர் பெயரோடு ஒரு லத்தீன் வால் சேர்த்து வைத்தார்கள். வால் இல்லாத பெயர் உலகத்தில் செல்லாதாம். "வண்டுக்கும் வால், பேருக்கும் வால். நடுவுலதான் ஒண்ணும் இல்லை" என்றான் மைத்துனன். அவன் அக்கா சிரிக்கவில்லை.

விழாவுக்கு வண்டை வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டியிருந்தது. யாரிடம் சொல்வார்கள்? அவரிடம்தான் சொன்னார்கள். பெட்டியைக் கொடுத்தால் இயக்குநரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவரும் செய்தார். விளிம்பு கூடத் தெரியாத பெட்டி. அதற்குள் ஊசி முனையில் அரிசி மணி.

இயக்குநர் பேசினார்: "ஒரு உயிரின் கண்ணைத் திறப்பதே அதற்குப் பெயர் வைப்பதுதான். பெயரில்லாமல் இந்த ஜீவன் எத்தனை காலம் இருட்டில் தவித்திருக்கும். இன்று அதற்கு என் பெயர் இருக்கிறது. இனி அதற்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கும் இல்லை." முன்வரிசை எழுந்து நின்றது.

கண்ணாடிக்காரர் மேடையோரத்தில் காத்திருந்து, பேர் ஆயிடுச்சே, இனி விளக்கை அணைக்கலாமே என்று கேட்டார். இயக்குநர் திடுக்கிட்டுப் போனார். "உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. அவ்வளவு அரிய உயிர். அது கிடைச்ச இடத்துல ஒரு துரும்பை அசைக்கக்கூடாது. விளக்கு இனிமே பாதுகாக்கப்பட்ட இடம்."

"ஒண்ணா? இன்னிக்குக் காலையில ஒரு முறம் கூட்டித் தள்ளினேங்க."

"அதெல்லாம் பெண்ணா இருக்கும். கணக்குல வராது." பிறகு இயக்குநர் யோசித்து, நல்லெண்ணத்தோடு, "ஆனாலும் இனிமே கூட்டாதீங்க. சட்டப்படி குத்தம்" என்றார்.

ஆக, பேர் வைக்கும் முன்னால் அது இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேர் வைத்த பிறகு அது ஒன்றே ஒன்று என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுவில் ஒரு நாள்கூட ஏதாவது செய்யக்கூடிய நாளாக இருக்கவில்லை. நானும் இந்தக் கதையைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அந்த நாள் எங்கேயும் தட்டுப்படவில்லை.

வீட்டில் அவளுக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. வலது கண்ணின் ஓரத்தில், ஆடை படராத ஒரு கீற்று. தலையைச் சாய்த்து அந்தக் கீற்றால் அவர் சட்டையின் நிறத்தைப் பார்ப்பாள். இன்னொரு வண்டு விழுந்தால் அதுவும் போய்விடும். அதனால் அந்தியானால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, புழுக்கத்தில் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருப்பாள். பேசினால் போர்வைக்குள்ளிருந்துதான் பேச்சு வரும்.

மழைக்கு முந்திய காற்று ஒன்று ஒரு சாயங்காலம் பேய் மாதிரி அடித்தது. வரிசை வீட்டுத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு புல்வெளிக்கு மேலே பறந்து போய், கழகத்து விளக்குகள் இரண்டிலும் மோதி முகப்புக் கண்ணாடிகளை நொறுக்கியது. பல்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் அல்லவா? மறுநாள் காலையில் காவலாளி வந்து கதவைத் தட்டினான். கண்ணாடி மாற்றவேண்டும், பொழுது சாய்வதற்குள் எரியவேண்டும் என்று உத்தரவு.

அவர் பையை எடுத்தார். வைரமுனையை எடுத்தார். எந்தக் கண்ணாடியை எடுப்பது என்று சுவரோரம் நின்றார். விடிந்தும் விலக்காத போர்வைக்குள்ளிருந்து அவள் கேட்டாள், "எங்கே போறீங்க?"

சொன்னார்.

அவள் போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள். பிறகு, மனுவில்கூட அந்தச் சொல்லை எழுத விடாதவள், "அணைச்சிட்டு வாங்க" என்றாள்.

அவர் இரும்பு பற்றவைக்கிற பட்டறைக்காரனிடம் போய், நெருப்பைப் பார்க்க அவர்கள் முகத்துக்கு நேரே பிடிக்கிற கறுப்புக் கண்ணாடியில் ஒரு பெரிய பலகை வாங்கினார். சூரியனையே பொத்தானளவு ஆக்குகிற கண்ணாடி அது. இரண்டு விளக்குக்கும் அளவாக அறுத்தார். பொருத்தி, ஓரத்தில் பட்டி பூசி, தட்டிப் பார்த்து இறங்கினார். நல்ல வேலை. ஒரு சொட்டு மழை உள்ளே போகாது. ஒரு சொட்டு வெளிச்சம் வெளியே வராது.

அந்தியில் காவலாளி சுவிட்சைப் போட்டான். 'விளக்குகள் எரிகின்றன' என்று குறித்தான். மேலே நிமிர்ந்து பார்ப்பது அவன் வேலை இல்லை. அது யாருடைய வேலையும் இல்லை. மறுநாளும் எரிந்தன. அதற்கு மறுநாளும். பெயர்ப்பலகை இருட்டில் முழுகியது. அதைப் பார்க்கிறவர் யாரும் எப்போதும் இருந்ததில்லையே. மின்சாரம் ஓடியது, பல்பு சூடானது, எல்லாம் முறைப்படி நடந்தது. புல்லில் இருந்த வண்டுகள் புல்லிலேயே இருந்துகொண்டன.

மழைக்காலம் முடியும் முன்னால் பூதக்கண்ணாடி கவலையோடு ஒரு அறிக்கை கொடுத்தார். மொட்டைமாடியில் விளக்குகள் வழக்கம்போல எரிந்தும் ஒரு வண்டுகூட வரவில்லை. ஆகவே அந்த அரிய இனம் அற்றுப்போய்விட்டது. கழகம் இரங்கல் கூட்டம் போட்டது. வரிசை வீட்டார் அவசியம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்; வண்டுகளைக் கூட்டித் தள்ளியவர்கள் அவர்கள்தானே.

அவளும் போனாள். அறுத்தது போக மிஞ்சிய கறுப்புக் கண்ணாடியை வட்டமாகத் தேய்த்து, வெயில் உறுத்தாமல் இருக்க அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி செய்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்று தழுதழுத்தார். "என் பெயர் தாங்கிய ஒரே உயிர் போய்விட்டது. நமக்கு இருந்த அக்கறை பொதுமக்களுக்கு இருந்திருந்தால்..." என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். "மன்னிக்கவேண்டும். அந்தச் சிற்றுயிருக்காக ஒரு ஏழைப் பெண்மணி கறுப்புக் கண்ணாடி அணிந்து, கண்ணீரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவரைப் பார்த்தாவது மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியும் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் எழுந்து நின்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்: மறைந்த இனத்தின் நினைவாக, முன்னிரண்டையும்விடப் பெரிய விளக்கு ஒன்று மொட்டைமாடியில் அமர்த்தப்படும்.

இருவரும் புல்வெளி வழியாகத் திரும்பினார்கள். பொழுது சாய்ந்திருந்தது. அவர் முன்னால், அவர் தோளில் அவள் கை. காலடியில் ஈரப் புல்லுக்குள் கோடுபோட்டான்கள் தம்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன, தாங்கள் அற்றுப்போன செய்தி தெரியாமல்.

"விளக்கு எரியுதாங்க?" என்றாள்.

"எரியுது."

அவள் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சாய்த்து அந்த ஒரு கீற்றால் கழகம் இருந்த பக்கம் பார்த்தாள். "எனக்குத்தான் தெரியலையா?"

"எனக்கும் தெரியலை" என்றார்.

அவள் திரும்ப மாட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "புதுசா அமர்த்தப் போறாங்களே, அதுக்கும் கண்ணாடி நீங்கதானே போடுவீங்க?" என்று கேட்டாள்.

"ஊர்ல வேற யாரு இருக்கா?"

"அப்ப சரி. இந்தத் தடவை அடுத்த வாரம்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, காற்றில் உட்கார்ந்தாள். எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் ஏற்றுகிற விளக்கு நின்று எரியட்டும். அமர்த்தவேண்டிய விளக்கு உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு மனிதராவது வாய்க்கட்டும். உங்கள் வீட்டுக் கண்கள் அத்தனையும் ஒன்றையொன்று முகம் பார்த்து நீண்ட நாள் வாழட்டும்.